எங்கள் குடியிருப்பு ஏரியின் மண்கரை: கசிவு, மரம், குழாய், கலுங்கு

அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் குடியிருப்புக்கு நடுவில் ஓர் ஏரி இருக்கிறது. 1960-களின் கடைசியில் வீட்டுமனை போட்டவர்கள் ஓடையின் குறுக்கே செம்மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி உண்டாக்கிய ஏரி. ஜார்ஜியாவின் இந்தப் பகுதியில் இயற்கையான ஏரிகள் கிட்டத்தட்ட இல்லை. எங்கே நீர்ப்பரப்பு தெரிந்தாலும் அதன் கீழ்ப்புறத்தில் யாரோ கட்டிய கரை ஒன்று இருக்கும். எங்கள் கரை 24 அடி உயரம், 390 அடி நீளம், உச்சியில் 12 அடி அகலம். நீர்ப்பரப்பு 11 ஏக்கர். கரை விளிம்பு வரை நிரம்பினால் 130 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 16 கோடி லிட்டர். பாசனம் கிடையாது, குடிநீர் கிடையாது. படகு, தூண்டில், மாலை நடை, அவ்வளவுதான்.

இந்தக் கரையைச் சரிசெய்ய நாங்கள் என்னென்ன பார்த்தோம், என்னென்ன செய்தோம் என்பதை எழுதிவைக்கிறேன். இதே மாதிரி ஏரி உள்ள குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. வீடு வாங்கும்போது ஏரி தெரிகிறதா என்று பார்க்கிறோம். வீட்டோடு சேர்த்து ஓர் அணையின் பங்குதாரராகவும் ஆகிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. அமெரிக்க தேசிய அணைப் பட்டியலில் 90 ஆயிரத்துக்கு மேல் அணைகள் உள்ளன. பெரும்பாலானவை தனியார் சொத்து. எதற்காகக் கட்டினார்கள் என்று பிரித்துப் பார்த்தால், பொழுதுபோக்குக்கான அணைகள்தான் முதலிடம். கரை உடைந்தால் பொறுப்பு உரிமையாளருக்கு. எங்கள் விஷயத்தில் உரிமையாளர் என்பது வீட்டு உரிமையாளர் சங்கம், அதாவது நாங்கள்தான்.

எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது மாநில அரசிலிருந்து வந்த ஒரு கடிதம். ஜார்ஜியாவில் 25 அடிக்குக் குறையாத உயரமோ, 100 ஏக்கர்-அடிக்குக் குறையாத கொள்ளளவோ உள்ள அணைகளை மாநிலத்தின் அணைப் பாதுகாப்புப் பிரிவு இரண்டு வகையாகப் பிரிக்கிறது. உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்படலாம் என்றால் முதல் வகை. இல்லையென்றால் இரண்டாம் வகை, அதன்மேல் பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை. நாங்கள் இத்தனை வருடமும் இரண்டாம் வகை. கடிதம் வந்தது, கரைக்குக் கீழே ஓடையோரத்தில் புதிதாக வீடுகள் கட்டிவிட்டார்கள், எனவே இனி நீங்கள் முதல் வகை என்று. கரையில் ஒரு கைப்பிடி மண் கூட மாறவில்லை. கீழே குழந்தைகள் தூங்கும் அறைகள் வந்துவிட்டன, அது மட்டும்தான் மாற்றம்.

கூட்டத்தில் சிலருக்குக் கோபம். வீடு கட்டினது அவர்கள், செலவு எங்களுக்கா என்று. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கீழே இருப்பவர்களுக்கு ஏரி கண்ணில் படுவதே இல்லை. வரைபடத்தில் தேடினால்தான் தெரியும். தண்ணீரைத் தேக்கி வைத்து அழகு பார்ப்பது நாங்கள். பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாங்கள்தான்.

இந்தச் சட்டம் இங்கே எப்படி வந்தது என்பதையும் கூட்டத்தில் சொன்னேன். மாநிலத்தின் வடகிழக்கில் டொக்கோவா என்ற ஊர். அங்கே 186 அடி உயர அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை. மின்சாரத்துக்காகக் கட்டியது, 1957-க்குப் பிறகு மின் உற்பத்தி நின்று வெறும் பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. அருவிக்குக் கீழே ஒரு பைபிள் கல்லூரி. 1977 நவம்பர் 6, விடியற்காலை ஒன்றரை மணிவாக்கில், மழைக்குப் பிறகு அணை உடைந்தது. 39 பேர் இறந்தார்கள். செங்குத்தான வெளிச்சரிவு, அதில் முன்பே ஏற்பட்ட மண் சரிவு, மரங்கள், கசிவு என்று அந்தக் கரை ஏற்கெனவே காட்டியிருந்த அறிகுறிகள் விசாரணையில் வரிசையாக வெளியே வந்தன. அப்போது ஜார்ஜியாக்காரரான ஜிம்மி கார்ட்டர்தான் குடியரசுத் தலைவர். நாடு முழுக்க ஆபத்தான தனியார் அணைகளை ராணுவப் பொறியாளர் படையைக் கொண்டு பரிசோதிக்க உத்தரவிட்டார். அடுத்த வருடமே மாநிலத்தின் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதைக் கேட்ட பிறகு கூட்டத்தில் பேச்சு, செலவை எப்படிப் பிரிப்பது என்பதற்குத் திரும்பிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வகைக் கரையில் எந்தப் பெரிய பழுதுபார்ப்புக்கும் பதிவுபெற்ற பொறியாளரின் வரைபடமும் மாநில ஒப்புதலும் வேண்டும். எனவே மண்ணைத் தோண்டுகிற, குழாய் மாற்றுகிற வேலைகள் ஒப்பந்தக்காரருடையவை. அளப்பது, பார்ப்பது, புல்வெட்டுவது, பதிவு செய்வது எங்களுடையவை. இரண்டாவது பட்டியல் சின்னதாகத் தெரியும். ஆனால் பொறியாளர் வருடத்துக்கு ஒருமுறை வருவார், கரை பக்கத்திலேயே இருப்பவர்கள் நாங்கள்.

வெளிச்சரிவின் அடிவாரத்தில், ஏரித் தண்ணீரைக் கரைக்கு அடியாக ஓடைக்கு விடும் வடிகுழாய் வெளியே வரும் இடத்துக்கு இடதுபக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். சம்பங்கோரை முளைத்து நின்றது. வெயில் காலத்தில் சுற்றிலும் புல் காய்ந்து பழுத்திருக்க, அந்த ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருக்கும். குனிந்து பார்த்தால் தண்ணீரின் மேல் துரு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம், ஓரத்தில் எண்ணெய் மினுமினுப்பு. பார்த்தவுடன் மண் கரைந்து வருகிறது என்று தோன்றும். அது இரும்புப் பாக்டீரியா. இரும்புச்சத்துள்ள எங்கள் செம்மண் வழியாகக் கசிகிற தண்ணீர் காற்றைத் தொடும் இடத்தில் இது வளரும். எண்ணெயா இல்லையா என்று பார்க்க ஒரு குச்சியால் அந்த மினுமினுப்பைக் கிழித்தால் போதும். எண்ணெய் என்றால் மறுபடி ஒன்றுசேர்ந்துகொள்ளும். பாக்டீரியாப் படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நிற்கும். இதனால் கரைக்கு நேரடி ஆபத்து இல்லை, ஆனால் வடிகால் குழாய்களின் துளைகளை அடைத்துவிடும் என்பதால் அலட்சியம் செய்யவும் முடியாது.

எங்கள் குழுவில் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட இளையவர். ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு ஏரிப் பாசனம். அந்த ஈரத்தைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்டது, "அண்ணா, தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா?" என்றுதான். அப்புறம் வந்த பொறியாளரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். மண்கரை என்றால் கசியும். தெளிந்த கசிவோடு ஒரு கரை பல காலம் நிற்கலாம். தண்ணீர் தன்னோடு மண்துகளையும் எடுத்துக்கொண்டு வந்தால் விஷயம் வேறு. வெளியே வருகிற இடத்தில் தொடங்கி உள்நோக்கிக் குடைந்துகொண்டே போகும். குடையக் குடைய வழி அகலமாகும், வேகம் கூடும், இன்னும் அதிக மண் வரும். உள்ளரிப்பு என்பது இதுதான். ஏரியை எட்டிவிட்டால் பிறகு மணிக்கணக்குதான்.

ஆகவே இரண்டு விஷயங்களை அளக்க ஏற்பாடு செய்தோம். எவ்வளவு வருகிறது, என்ன கொண்டுவருகிறது.

எவ்வளவு என்பதற்கு ஒரு தகட்டுத் தடுப்பு. கால் அங்குல அலுமினியத் தகட்டில் 90 பாகையில் ஆங்கில வி எழுத்துபோல ஒரு வெட்டு. அடிவாரத்து ஈரத்தையெல்லாம் ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, அதன் குறுக்கே இந்தத் தகட்டைப் பதித்து, இரண்டு பக்கமும் அடியிலும் களிமண்ணைக் குத்தி அடைத்தோம். தகட்டுக்குக் கீழே தண்ணீர் புகுந்துபோனால் அளவே பொய். வெட்டின் முனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால் ஓட்டத்தைக் கணக்கிடலாம். உயரத்தை வெட்டுக்கு நேராக அளக்கக் கூடாது, அங்கே தண்ணீர் வளைந்து தாழ்ந்திருக்கும். சற்று மேலே தள்ளி, ஒரு குச்சியில் அளவுகோல் அறைந்து வைத்தோம். ஒரு அங்குலம் நின்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர். இரண்டு அங்குலம் நின்றால் 18 அல்ல, 50 லிட்டர் பக்கம். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்கு ஏறும். அதனால் கால் அங்குல மாற்றம்கூடப் பெரிய செய்தி. ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும் நாட்களில் தண்ணீர் தகட்டில் ஒட்டிக்கொண்டு வழியும், சூத்திரம் ஒத்துவராது. அப்போது ஒரு வாளியும் கைக்கடிகாரமும்தான் நம்பகமானவை.

என்ன கொண்டுவருகிறது என்பதற்கு ஊறுகாய் பாட்டில். நன்றாகக் கழுவின கண்ணாடி பாட்டிலில் தகட்டிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்து, தேதி எழுதி, ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, காலையில் அடியைப் பார்ப்பது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒரு சிட்டிகை வண்டல்கூடத் தெரியும். என் வீட்டு கராஜில் ஒரு அலமாரி முழுக்க இந்த பாட்டில்கள் அடுக்கியிருக்கின்றன.

இந்த இரண்டோடு ஏரியின் மட்டத்தையும் மழையளவையும் ஒரே தாளில் எழுதினோம். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஏரி ஏறும்போது கசிவு ஏறுவதும், இறங்கும்போது இறங்குவதும் இயல்பு. மட்டம் அப்படியே இருக்க, மழையும் இல்லாமல், கசிவு மட்டும் கூடினால் அன்றைக்கே தொலைபேசியை எடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது, கசிவு ஏரி மட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது, தண்ணீர் தெளிவு, ஆனால் அதில் பெரும்பகுதி வடிகுழாயை ஒட்டியே வருகிறது. பொறியாளர் குழாய்க்குள் கேமரா அனுப்பச் சொன்னார்.

அதற்குள் மரங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டை அதிகம் நடந்தது அதில்தான். வெளிச்சரிவு முழுக்க பைன், ஸ்வீட்கம், டியூலிப் பாப்லர். சில மரங்களைக் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. நிழலுக்கும் பறவைக்கும் அழகுக்கும் நல்லவைதான். கரைக்கு நல்லவை அல்ல. புயலில் பெரிய மரம் சாய்ந்தால் வேர்ப்பந்தோடு ஒரு கார் அளவுக்கு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். நின்ற இடத்திலேயே செத்தாலும் வேர்கள் மக்கி உள்ளே நீண்ட பொந்துகளாகும், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். நிழலில் புல் வராது, புல் இல்லாத சரிவில் மழை நேராகக் கோடு போடும். புதர் மண்டினால் எலிவளையோ ஈரமோ கண்ணுக்குத் தெரியாது.

ஊரில் ஏரிக்கரையில் பனை வரிசை வரிசையாக நிற்கிறதே என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பனைக்கு நார்வேர், மெல்லிசாகக் கொத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பைனும் பாப்லரும் தொடைத்தடிமன் கட்டைவேர் விடுகிற மரங்கள். அந்த வேர் மக்கினால் பின்னால் விட்டுப்போவது ஒரு சுரங்கம்.

இதற்கு எங்கள் கரையிலேயே சாட்சி இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் சில மரங்களை வெட்டிவிட்டு, அடிக்கட்டைகளைத் தரையோடு விட்டுப் போயிருந்தார். மேலே புல் மூடியிருந்தது. நாலடி இரும்புக் கம்பியால் சரிவைக் குத்திக்கொண்டே வந்தோம். நல்ல மண்ணில் கம்பி அரை அடிக்குமேல் இறங்காது, உள்ளங்கை வலிக்கும். ஓர் இடத்தில் கைப்பிடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. தோண்டினால், வேரின் பட்டை மட்டும் குழாய் மாதிரி மிச்சமிருக்க, உள்ளே வெறும் கறுப்புத் தூள். கரையின் உள்நோக்கி அது போய்க்கொண்டே இருந்தது. மரம் வெட்டக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்துவந்து காட்டினேன். அவர் அதில் தன் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கரையின் கடைசியில் அவர் கணவர் நினைவாக வைத்த டாக்வுட் கன்றை நாங்களே வேரோடு எடுத்து, கரையை விட்டுத் தள்ளிப் பூங்காப் பக்கம் நட்டுக்கொடுத்தோம். பிழைத்துக்கொண்டது.

மரத்தை எடுப்பதற்கும் முறை இருக்கிறது. ஏரி நிறைந்திருக்கும்போது அடிவாரத்தில் ஒரு பெரிய அடிக்கட்டையைப் பெயர்த்தால், கரை எங்கே மெல்லிசோ அங்கேயே பள்ளம் தோண்டியதாகும். எனவே முதலில் ஏரி மட்டத்தை இறக்க வேண்டும். எங்கள் அடிமதகு துருப்பிடித்துத் திறக்கவே மறுத்தது, அந்த வயது ஏரிகளில் இது சகஜம். வேறு வழி, சைஃபன். ஆறு அங்குல பிவிசி குழாய் இரண்டைத் தண்ணீரிலிருந்து கரை உச்சியைத் தாண்டி வெளிப்பக்க அடிவாரம் வரை போட்டோம். கீழ்முனையில் ஒரு வால்வு, உச்சியில் காற்றை வெளியேற்றவும் தண்ணீர் ஊற்றவும் ஒரு மூடி. வால்வை மூடி, பம்ப் வைத்து உச்சி வழியாகக் குழாயை நிரப்பி, மூடியை இறுக்கி, வால்வைத் திறந்தால் மின்சாரமே இல்லாமல் இரவு பகலாக ஓடும். உச்சியில் ஓர் இணைப்பு காற்றை உறிஞ்சினாலும் நின்றுவிடும். எனவே அந்த இணைப்புகளுக்கு மட்டும் பசையில் கஞ்சத்தனம் கூடாது. வெளிமுனையில் பாறைக்கல் பரப்பவில்லை என்றால் விழுகிற தண்ணீர் அடிவாரத்தையே தோண்டிவிடும்.

அவசரமும் கூடாது. ஏரியைச் சட்டென்று இறக்கினால் தண்ணீர்ப் பக்கத்துச் சரிவுக்கு ஆபத்து. அதுவரை அந்தச் சரிவைத் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் போய்விடும், சரிவுக்குள் ஊறிய தண்ணீர் அப்படியே இருக்கும், பாரம் தாங்காமல் மண் வழுக்கும். ஒரு நாளைக்கு அரை அடிக்குமேல் இறக்காதீர்கள் என்று பொறியாளர் எழுதியே கொடுத்திருந்தார். இரண்டு குழாய் ஓடியும் அதைவிட வேகம் வரவில்லை, கவலை விட்டது.

மட்டம் இறங்கியதும் மரம் வெட்டி, அடிக்கட்டையும் விரல் தடிமனுக்கு மேலான வேர்களும் எடுத்து, குழியின் செங்குத்துச் சுவர்களைச் சாய்வாகச் சீவி, செம்மண் போட்டு இறுக்கினார்கள். ஆறு ஆறு அங்குலமாகத்தான் போட வேண்டும், ஒவ்வொரு அடுக்குக்கும் திமிசு இயந்திரம். மண்ணின் ஈரம் மிக முக்கியம். கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் ஈரம் அதிகம், தூளானால் குறைவு. இது நம் கைக்கணக்கு. அதிகாரபூர்வமாக, ஆய்வகத்தில் இறுக்கிப் பார்த்த அடர்த்தியில் 95 சதவீதம் வந்ததா என்று சோதனைக்காரர் தினமும் வந்து கருவியில் பார்த்தார். ஓர் அடுக்கில் வரவில்லை, பெயர்த்து மறுபடி போட்டார்கள்.

கேமராப் படம் வந்தது. 30 அங்குல நெளிவுத் தகரக் குழாய், அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டது. இந்தக் குழாய்களுக்கு ஆயுள் 25-லிருந்து 50 வருடம் என்பார்கள். எங்களுடையது கடந்துவிட்டது. மேல்பாதி பரவாயில்லை. அடிப்பாகத்தில், தண்ணீர் ஓடுகிற பட்டையில், தகரமே இல்லை, கேமராவின் விளக்கொளியில் செம்மண் நேராகத் தெரிந்தது. ஓர் இணைப்பில் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் உள்ளே பீய்ச்சிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து முறைப்படி குழாயைச் சுற்றி இரண்டு இடத்தில் கழுத்துப்பட்டி போன்ற தகட்டு வளையங்களும் இருந்திருக்கின்றன. கசிவைத் தடுக்கும் என்று நம்பி வைத்தவை. அந்த வளையங்களை ஒட்டி மண்ணைச் சரியாக இறுக்கவே முடியாது என்பதால் 1980-களில் அமெரிக்க மண்வளத் துறை அந்த முறையைக் கைவிட்டு, மணல் வடிகட்டிக்கு மாறியது.

கரையை வெட்டிக் குழாயை மாற்றுவது பெரிய செலவு. எனவே பழைய குழாய்க்குள் ஹெச்.டி.பி.இ. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த 24 அங்குலக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமென்ட் குழம்பு ஏற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். விட்டம் குறைகிறதே, வெள்ளம் போகுமா என்று கேட்டதற்கு, நெளிவு இல்லாத வழவழப்பான உட்புறம் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் குழாய் லேசானது, சிமென்ட் குழம்பில் மிதந்து மேலே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். உள்ளே தண்ணீர் நிரப்பி, நெடுகிலும் முட்டுக் கொடுத்து, குழம்பை ஒரே மூச்சில் ஏற்றாமல் பகுதி பகுதியாக ஏற்றினார்கள். வேலை நடக்கும்வரை ஓடைத் தண்ணீரை வெளியேற்றியது அதே சைஃபன் குழாய்கள்தான்.

பிறகு வடிகட்டி. குழாயின் கீழ்ப்பகுதியில் நாலு பக்கமும் தோண்டி, கான்கிரீட்டுக்குப் போடுகிற சுத்தமான கழுவிய மணலைக் குழாயைச் சுற்றிச் சுவர் மாதிரி நிரப்பி, அதிலிருந்து ஒரு வடிகால். மணலின் இடுக்கு வழியே தண்ணீர் போகும், மண்துகள் மாட்டிக்கொள்ளும். குழாயை ஒட்டி வரும் கசிவை அடைக்கப் போராடாமல், மண்ணை மட்டும் வீட்டிலேயே நிறுத்திவைத்துத் தண்ணீரை வழியனுப்புகிற ஏற்பாடு. இந்தக் கரையில் செய்த வேலைகளில் எனக்கு அதிகம் நிம்மதி கொடுத்தது இதுதான். மணலில் தூசு கலந்திருந்தால் எல்லாம் போச்சு. ஒரு லாரி மணலைச் சோதனைக்காரர் திருப்பி அனுப்பினார்.

விலங்குகளைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீர்ப் பக்கத்தில் மஸ்க்ராட் என்கிற நீரெலி. வாசல் தண்ணீருக்குள் இருக்கும், மட்டத்தை இறக்கியபோதுதான் வரிசையாகத் தெரிந்தன. வளையை அடைக்க ஓர் எளிய முறை உண்டு. வாசலில் ஒரு தகரக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் மண்ணால் அடைத்து, ஒன்பது பங்கு மண்ணும் ஒரு பங்கு சிமென்ட்டும் ஊற்றினால் ஓடும் அளவுக்குக் கரைத்து, குழாய் நிரம்பும்வரை ஊற்றுவது. உயரத்தின் அழுத்தத்தால் குழம்பு வளையின் கடைசிவரை போகும். வாயை மட்டும் மண்ணால் மூடினால் பயனில்லை, உள்ளே குடைவு அப்படியே இருக்கும். விலங்கைப் பிடிக்க உரிமம் உள்ளவரை அழைத்தோம். பீவர் வந்தால் வேறு தொல்லை, ஏரித் தண்ணீர் வடிகுழாய்க்குள் இறங்கும் நீர்போக்கு வாயில் கிளைகளை வைத்து அடைத்துவிடும். புல்வெட்டும்போது நெருப்பெறும்புப் புற்றுகளைப் பார்த்துக் கால் வையுங்கள்.

நீர்போக்கு வாய் என்றதும் மீன் வலை நினைவுக்கு வருகிறது. களையைத் தின்ன ஏரியில் புல்கெண்டை விட்டிருக்கிறோம். வெள்ளத்தில் அவை தப்பிப் போகாமலிருக்க, ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கின் குறுக்கே கம்பி வலை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் நான் கடுமையாக எதிர்த்தேன். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் மீன்பிடி வேட்டை மன்றம் என்று பெரும் பணக்காரர்களின் மன்றம். அவர்கள் ஏரியும் பொழுதுபோக்கு ஏரிதான். மீன் போகாமலிருக்கக் கலுங்கில் தடுப்பு வைத்தார்கள். வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். அடியில் இருந்த வடிகுழாய்களை முந்தைய உரிமையாளர் பிடுங்கி விற்றுவிட்டார், அவர்கள் திரும்பப் போடவில்லை. 1889 மே 31 பெருமழையில் குப்பை அந்தத் தடுப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறி உடைத்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் செத்தார்கள். கலுங்கில் எதையும் வைக்கக் கூடாது என்பதை எங்கள் சங்க விதிகளிலேயே இப்போது எழுதிவிட்டோம். வலை மட்டுமல்ல, படகும் மேசையும் பூந்தொட்டியும்கூட. மீன் போனால் போகட்டும்.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்தது. அட்லாண்டாவில் இரண்டு நாளில் 11 அங்குலத்துக்கு மேல் மழை, அங்கே பதிவு தொடங்கிய காலத்திலிருந்து அதிகம். முந்தின நாளே அவசரத் திட்டத்தை எடுத்துவைத்தோம். கரை உடைந்தால் எதுவரை தண்ணீர் போகும் என்ற வரைபடம், அந்த எல்லைக்குள் உள்ள வீடுகள், எந்த அறிகுறிக்கு யாரை முதலில் அழைப்பது என்ற வரிசை, இவ்வளவும் நாலு பக்கத்தில். கீழே உள்ள வீடுகளுக்கு நேரில் போய்ச் சொன்னோம். பலருக்கு மேலே ஏரி இருப்பதே அன்றுதான் தெரிந்தது. ஒரு வயதான தம்பதி பையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு, நீங்கள் அழைத்தால் உடனே கிளம்புகிறோம் என்றார்கள்.

ராத்திரி கலுங்கில் ஓர் அடிக்குமேல் தண்ணீர் ஓடியது. நாங்கள் மாறி மாறி கரையின் ஓரத்து மேட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். குப்பை சேர்கிறதே, படகில் போய் எடுத்துவிடட்டுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். கண்டிப்பாகக் கூடாது என்று நிறுத்தினோம். வெள்ளத்தில் நீர்போக்கு வாய் ஆளை உறிஞ்சிக் கம்பியோடு அழுத்திப் பிடித்துவிடும், மீள முடியாது. அடிவாரத்தில் ஓடைத் தண்ணீர் ஏறி எங்கள் தகட்டை மூழ்கடித்துவிட்டதால் அன்றிரவு கசிவை அளக்க வழியில்லை. மறுநாள் தண்ணீர் இறங்கியதும் முதல் வேலையாக அளந்தோம். உயரம் கூடியிருந்தது, ஏரி இறங்க இறங்க அதுவும் இறங்கி ஒரு வாரத்துக்குள் பழைய கோட்டுக்கு வந்தது. பாட்டிலின் அடியில் ஒன்றுமில்லை.

கரை தாங்கியது, கலுங்குக்குத்தான் அடி. அதன் கடைசியில், சரிவு செங்குத்தாகும் இடத்தில், வெள்ளம் புல்லைப் பிய்த்து இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் போட்டிருக்கிறது. இந்த மாதிரிப் பள்ளம் ஒவ்வொரு வெள்ளத்திலும் கீழிருந்து மேல்நோக்கி அரித்துக்கொண்டே ஏறும், ஏரியை எட்டினால் கலுங்கு வழியாகவே ஏரி வெளியே போய்விடும். அதை நிரப்பி, அடியில் விரிப்புத்துணி போட்டு, மேலே பாறைக்கல் அடுக்குவதற்குப் பொறியாளரின் வரைபடம் மாநில ஒப்புதல் பெற்று வந்துவிட்டது. இங்கே பொதுவாக அக்டோபரில்தான் மழை குறைவு, அப்போது வேலையைத் தொடங்குகிறோம். பெர்முடாப் புல் அந்தக் குளிரில் முளைக்காது. குளிர்காலத்துக்கு ரை புல்லை விதைத்து மண்ணைப் பிடித்துவைத்து, மே மாதத்தில் பெர்முடா போடுவதாக ஏற்பாடு. ஜனவரியில் அவசரத் திட்டத்தின் தொலைபேசி எண்களைச் சரிபார்க்க வேண்டும். கீழே இன்னும் இரண்டு வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள்.